ரங்கநாதன் தெரு அப்படியே இருக்கட்டும், ஒருத்தரை மட்டும் கோடம்பாக்கத்தில் இறக்குங்கள்

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தாம்பரம் பக்கம் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி. அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறார். கதாநாயகனுக்குப் பிறர் மனதைக் கட்டுப்படுத்தும் சக்தி. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தி.நகர் ரங்கநாதன் தெருவில் அவன் ஒருமுறை கண்ணை மூடித் திறக்க, மொத்தக் கூட்டமும் சிலையாக நிற்கிறது. படித்துப் பார்த்த நண்பர், "இது சயின்ஸ் ஃபிக்‌ஷன் இல்லடா, செய்வினை" என்று சொல்லிவிட்டாராம். நண்பர் சொல்வது சரியா, இந்தச் சக்தியை நம்பும்படி எழுதுவது எப்படி, எந்த எல்லையில் நிறுத்துவது என்று கேட்டிருக்கிறார்.

நான் 22 வருடமாக ஈஈஜி, அதாவது மூளை அலைப் பதிவு, எடுக்கிற டெக்னீஷியன். மண்டையில் பசை தடவி ஒயர் ஒட்டுவது பிழைப்பு. மூர் மார்க்கெட்டில் பழைய ஆங்கில விஞ்ஞானக் கதைப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவது பொழுதுபோக்கு. (நிஜ மூர் மார்க்கெட் 1985-லேயே எரிந்துபோனது. இப்போது கடைகள் இருப்பது அல்லிக்குளம் கட்டடம். ஆனாலும் எங்களுக்கு அது மூர் மார்க்கெட்தான்.) அதனால் இந்தக் கேள்வி என்னை ரெண்டு பக்கமும் இழுக்கிறது. பதில் நீளும். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நண்பர் சொன்னது பாதி சரி. மனதைப் பிடிக்கிற வித்தைக்கு நம்மிடம் பஞ்சமே கிடையாது. அஷ்டமா சித்திகளில் ஒன்று வசித்துவம், எல்லாரையும் தன்வசப்படுத்துவது. மாந்திரீக ஏடுகளில் அஷ்டகர்மம் என்று வரும்: வசியம், மோகனம், ஸ்தம்பனம், மாரணம் என்று எட்டு. உங்கள் ரங்கநாதன் தெருக் காட்சி அச்சு அசல் ஸ்தம்பனம். பெண்டாட்டி பேச்சைக் கேட்கிற மகனைப் பார்த்து "சொக்குப்பொடி போட்டுட்டா" என்று சொல்லும் மாமியாரும் இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்தான். மின்சார ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும் வசிய நோட்டீஸ்களைத் தினம் பார்த்துக்கொண்டுதானே கல்லூரிக்குப் போகிறீர்கள்?

சக்தி பழசு. அதற்கு ஒரு ஹெல்மெட்டும் ஊதா நிற விளக்கும் கொடுத்துவிட்டால் விஞ்ஞானக் கதையாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹெல்மெட் போட்ட செய்வினையும் செய்வினைதான். கணக்குக் கேட்டால்தான் அது விஞ்ஞானக் கதை. இங்கிருந்து அங்கே எப்படிப் போகிறது? அங்கே போய் எதைத் தொடுகிறது? தொடப்பட்டவருக்கு உள்ளுக்குள் என்ன தெரிகிறது? தொட்டவனுக்கு என்ன செலவு? இதில் மூன்றாவது கேள்வியில்தான் சரக்கு முழுக்க இருக்கிறது. நம் படங்களும் கதைகளும் அதைத்தான் அதிகம் விட்டுவிடுகின்றன. 2011-இல் வந்த ‘7ஆம் அறிவு’ உங்களுக்கு நினைவிருக்கும். வில்லன் நோக்கு வர்மத்தால் ஒருவரைப் பார்ப்பார், அவர் பொம்மை மாதிரி சொன்னதைச் செய்வார். திரையில் மிரட்டலாகவே இருந்தது. ஆனால் அந்தப் பொம்மைக்குள் இருந்த மனிதர் அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று படம் நின்று கேட்கவில்லை. படத்துக்கு அவசியமில்லை, எழுத்துக்கு அவசியம்.

இதைக் கேட்ட பழைய கதை ஒன்று நம்மிடமே இருக்கிறது. மகாபாரதம், அனுசாசன பர்வம், விபுலன் கதை. தேவசர்மா என்ற முனிவர் யாகத்துக்காக வெளியூர் போகிறார். அவர் மனைவி ருசி மேல் இந்திரனுக்கு ஒரு கண். காவலுக்குச் சீடன் விபுலனை வைத்துவிட்டுப் போகிறார். இந்திரன் எந்த உருவத்திலும் வருவான், கதவைப் பூட்டிப் பிரயோஜனமில்லை. எனவே விபுலன் யோக பலத்தால் ருசியின் உடலுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்கிறான். இந்திரன் வருகிறான். ருசி எழுந்து உபசரிக்க நினைக்கிறாள், எழ முடியவில்லை. பேச நினைக்கிறாள், வாயிலிருந்து வருவது தான் நினைத்த பேச்சில்லை. தன் வாய் சொன்னதைக் கேட்டு அவளே கூசிப்போகிறாள். இந்திரன் தோற்று ஓடுகிறான். குரு திரும்பி வந்ததும் விபுலன் நடந்ததைச் சொல்கிறான், உடலுக்குள் புகுந்த விஷயத்தை மட்டும் மறைத்துவிடுகிறான். அப்புறம் ஒரு நாள் வழியில் யாரோ சண்டை போட்டுக்கொண்டு, "பொய் சொன்னவனுக்கு விபுலனுக்கு வரப்போகிற கதி வரட்டும்" என்று சபதம் செய்வது அவன் காதில் விழுகிறது. முன்பின் தெரியாதவர்கள். அவனுக்கு அப்போதுதான் குத்துகிறது. நல்ல நோக்கத்துக்காகத்தான் புகுந்தான், ஆனால் அவளைக் கேட்காமல் புகுந்தான். உங்கள் கதாநாயகனுக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடையாது.

இனி இந்தச் சக்தி விஞ்ஞானக் கதைக்குள் வந்த வழி. இதைக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டுகிறேன். பாரிஸில் மெஸ்மர் என்ற மருத்துவர் "உயிர்க் காந்தம்" என்று ஒன்றைச் சொல்லி நோயாளிகளைத் துடிக்க வைத்தார். 1784-இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு போட்டது. பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியலின் லவாய்சியரும் அதில் உறுப்பினர்கள். ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் காந்தம் ஏற்றிவிட்டு, கண்ணைக் கட்டிய சிறுவனை ஒவ்வொரு மரமாக அழைத்துப் போனார்கள். அவன் காந்தம் ஏற்றாத வேறொரு மரத்தடியில் மயங்கி விழுந்தான். காந்தம் செத்தது. ஆனால் அவன் மயங்கியது மயங்கியதுதானே? அந்த மிச்சக் கேள்வியிலிருந்துதான் ஹிப்னாட்டிசம் பிறந்தது.

அடுத்த கட்டத்தில் நம்ம ஊர் வருகிறது. ‘டெலிபதி’ என்ற சொல்லை பிரெடெரிக் மையர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1882-இல் உருவாக்கினார். அதே வருடம்தான் பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான சபை அடையாற்றங்கரையில் இடம் வாங்கியது. அங்கே ஒரு சன்னதி அலமாரி, தொலைதூர மகான்களின் கடிதங்கள் அதில் தானாக வந்து விழும் என்றார்கள். மையர்ஸ் சார்ந்திருந்த லண்டன் மனசக்தி ஆய்வுச் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரை 1884 இறுதியில் சென்னைக்கே அனுப்பியது. அவர் 1885 அறிக்கையில் அதெல்லாம் ஏமாற்று என்று எழுதினார். பிற்காலத்தில் அதே சங்கத்தின் பத்திரிகையில் அந்த அறிக்கையைக் கடுமையாக விமர்சித்துக் கட்டுரை வந்தது தனிக் கதை. நான் சொல்ல வருவது, மனசக்தியைச் சோதனைக்கூட விஷயமாக உலகம் பார்க்க ஆரம்பித்தபோது சோதனை நடந்த இடங்களில் ஒன்று நம்ம அடையாறு. அந்தச் சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

1930-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரைன் என்பவர் ஐந்து குறிகள் கொண்ட 25 சீட்டுகளை வைத்து டெலிபதியைப் புள்ளிவிவரமாக்கப் பார்த்தார். அந்த ஆய்வில் மனதைப் பறிகொடுத்தவர்களில் ஒருவர் ஜான் கேம்பெல், ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகையின் ஆசிரியர். அவருடைய மேசையைத் தாண்டித்தான் அந்தக் காலத்து விஞ்ஞானக் கதைகளில் பாதி வெளியே வந்தன. விண்கலமும் ரோபோவும் இருக்கிற கதைக்குள் மனசக்தி இவ்வளவு சகஜமாக நுழைந்ததற்கு இந்த ஒரு மனிதரின் ஆசை பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

என் தொழிலுக்கு வருகிறேன். ஈஈஜியைக் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் பெர்கர், ஜெர்மானிய மனநல மருத்துவர். இளவயதில் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து, பின்னால் வந்த பீரங்கி வண்டிச் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி, நலமா என்று. எங்கோ தூரத்தில் இருந்த அக்காவுக்குத் தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனசு அடித்துக்கொள்ள, அப்பாவைத் தந்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். பெர்கர் அதை டெலிபதி என்றே நம்பினார். மனதின் சக்தியை அளக்க வேண்டும் என்ற வெறியில்தான் 1924-இல் மனித மண்டையிலிருந்து முதல் மூளை அலையைப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். டெலிபதியைத் தேடிப் போனவர் கையில் கிடைத்தது, வலிப்பு நோயாளிகளுக்கு இன்றுவரை உதவுகிற ஒரு கருவி.

அந்தக் கருவியே டெலிபதிக்கு எதிர்சாட்சி சொல்கிறது. மண்டைக்கு வெளியே நாங்கள் எடுக்கிற மின்சாரம் சில பத்து மைக்ரோவோல்ட். கடிகாரத்தில் போடுகிற பென்சில் பேட்டரி ஒன்றரை வோல்ட், அதாவது 15 லட்சம் மைக்ரோவோல்ட். எலெக்ட்ரோடைத் தலையோடு ஒட்டவைத்தும் சிக்னல் கிடைக்காமல் நாங்கள் படும் பாடு இருக்கிறதே. "முந்தின நாள் ஷாம்பூ போட்டுக் குளிச்சிட்டு வாங்க, எண்ணெய் வேண்டாம்" என்று சீட்டிலேயே எழுதிக் கொடுப்போம். மறுநாள் பாட்டி வழியத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, பூவும் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்: "தல காயக்கூடாதும்மா, அதான்." ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, பசை வைத்து, 21 இடத்தில் ஒட்டி நிமிர்ந்தால், ஸ்கிரீனில் ஓடுவது மூளை அலை இல்லை, ட்யூப்லைட்டின் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். அதைச் சரிசெய்தால் பாட்டி பல்லைக் கடிப்பார், தாடைத் தசையின் மின்சாரம் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். ஒட்டிவைத்தே இந்த லட்சணம். இது தெருவைத் தாண்டி, இன்னொரு மண்டை ஓட்டைத் துளைத்து, அங்கே இருக்கிற ஆயிரக்கணக்கான கோடி நரம்புச் செல்களில் சரியானதைத் தட்டுமாம். உங்கள் ஆள் மூளை அலையை "ஒலிபரப்புகிறான்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என்னைப் போல் நாலு பேர் அங்கேயே புத்தகத்தை மூடுவோம்.

அப்படியானால் வழி? பேச்சு, பார்வை, வாசனை, மருந்து, ஒட்டுண்ணி, உள்ளே பதித்த கருவி. இவை எல்லாம் நிஜமாகவே மூளைக்குள் போகிற பாதைகள். நல்ல எழுத்தாளர்கள் பலர் இவற்றில் ஒன்றைத்தான் பிடித்தார்கள். 1965-இல் வந்த ‘டியூன்’ நாவலில் ஒரு பெண்கள் சபை குரலின் தொனியை எதிராளிக்கு ஏற்ப மாற்றி ஆணையிடும். எதிராளியைக் கவனித்துப் படித்த பிறகுதான் அது வேலை செய்யும், காது கேளாதவரிடம் பலிக்காது. கணக்கு இருக்கிறது பாருங்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. கட்டுப்படுத்தப்பட்டவருக்கு உள்ளே என்ன தெரியும்?

ஒரு பயிற்சி வகுப்பில் எனக்கே தலையில் டி.எம்.எஸ் வைத்தார்கள். காந்தத் துடிப்பால் மண்டைக்கு வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் கருவி, 1985-இல் இங்கிலாந்தில் செய்தது. எட்டு வடிவச் சுருளை உச்சந்தலைக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து ‘டக்’ என்று ஒரு தட்டு. என் வலது கட்டைவிரல் துள்ளியது. வலி இல்லை. ஆனால் அது என் விரலாக இல்லை. யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கையை மட்டும் தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை நிபுணர் பல வருடம் இதைத்தான் பார்த்தார். வலிப்பு நோய்க்கான அறுவையின்போது நோயாளி விழித்திருப்பார், இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்திருப்பார்கள். திறந்த மூளையில் எலெக்ட்ரோடை வைத்தால் கை அசையும். நோயாளி சொல்வார்: நான் அசைக்கவில்லை, நீங்கள்தான் அசைத்தீர்கள். தொட்டுத் தொட்டுப் பார்த்தும், ஒருவரை ஒன்றை நம்பவைக்கிற, முடிவெடுக்கவைக்கிற இடம் என்று எதுவும் தனக்குச் சிக்கவில்லை என்று எழுதினார். கையைப் பிடிக்கலாம், ஆள் உள்ளே தப்பித்து நின்று வேடிக்கை பார்ப்பார். ருசியும் இப்படித்தான் நின்றாள்.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. 2009-இல் பிரான்சில் மிஷெல் டெஸ்முர்ஷேயும் சகாக்களும் இதேபோல் விழித்திருந்த ஏழு நோயாளிகளிடம் மூளையின் பக்கச்சுவர்ப் பகுதியைத் தூண்டினார்கள். கை அசையவில்லை. நோயாளிகளுக்குக் கையை அசைக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டியதும், அசைத்துவிட்டதாகவே சொன்னார்கள். தசையில் ஒட்டிய கருவியில் ஒரு துளி அசைவும் இல்லை. முன்பக்கம் வேறு ஒரு இடத்தைத் தூண்டியபோது நேர்மாறு. கை அசைந்தது, அசைந்ததே தெரியவில்லை என்றார்கள். செயல் ஒரு பக்கம், "நான் செய்தேன்" என்ற எண்ணம் இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியாகத் தட்டலாம்.

எனக்குத் தூக்கம் கெடுத்தது இன்னும் பழைய சம்பவம். ஹோசே டெல்காடோ என்ற ஸ்பானிய விஞ்ஞானி, காளையின் மூளையில் எலெக்ட்ரோடு பதித்து, 1963-இல் கோர்டோபாவில் பாய்ந்து வந்த காளையை ரேடியோ பொத்தானால் நிறுத்திக் காட்டியவர். பத்திரிகைகள் கொண்டாடின. காளையின் கோபம் தணிந்ததா, அல்லது உடம்பு ஒரு பக்கம் திரும்பியதால் ஓட்டம் தடுமாறியதா என்று மற்ற விஞ்ஞானிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் சொல்வது காளை இல்லை, ஒரு மனித நோயாளி. அவர் மூளையில் ஒரு இடத்தைத் தூண்டினால் தலை மெல்லத் திரும்பும், எதையோ தேடுவது போல. ஒவ்வொரு தடவையும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். "செருப்பைத் தேடுகிறேன்." இன்னொரு தடவை, "ஏதோ சத்தம் கேட்டது." இன்னொரு தடவை, "கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்." ஒரு தடவைகூட, "நீங்கள் திருப்பினீர்கள்" என்று சொல்லவில்லை.

பென்ஃபீல்டின் நோயாளி வெளியாள் வந்ததைக் கண்டுபிடித்தார். டெல்காடோவின் நோயாளி வெளியாளுக்குத் தானே வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். உங்கள் கதைக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

இதற்கு மூளைக்குள் ஒயர்கூட வேண்டாம் என்று காட்டியது ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம், 2005-இல். இரண்டு பெண்களின் புகைப்படத்தைக் காட்டி யார் அழகு என்று கேட்பார்கள். நீங்கள் ஒன்றைக் காட்டுவீர்கள். கொடுக்கும்போது சீட்டுக்கட்டு வித்தைக்காரர் மாதிரி மாற்றி மற்றொன்றைக் கையில் வைத்துவிட்டு, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பார்கள். பெரும்பாலான தடவை ஆட்கள் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. தான் வேண்டாம் என்று ஒதுக்கிய முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கம்மல் நன்றாக இருந்தது என்று காரணம் சொன்னார்கள். அவர்கள் நிஜத்தில் தேர்ந்தெடுத்த முகத்தில் கம்மலே இல்லை. அதே குழு பின்னால் செய்த சோதனையில் இன்னும் ஒரு படி. மறுபடி அதே ஜோடியைக் காட்டியபோது, ஏமாற்றித் தரப்பட்ட முகத்தின் பக்கமே பலர் சாய்ந்தார்கள்.

இப்படி எழுதப்பட்ட கதாபாத்திரங்களில் எனக்குத் தெரிந்து உச்சம், ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையில் வரும் ‘மியூல்’. 1945-இல் கேம்பெலின் பத்திரிகையில்தான் முதலில் வந்தான். மியூல் யாருக்கும் கட்டளை இடமாட்டான். உணர்ச்சியை மட்டும் திருகுவான். அவனைக் கொல்ல வந்த ராணுவ அதிகாரி ஒருவரின் உள்ளே விசுவாசத்தைக் கூட்டிவிடுவான், அவ்வளவுதான். அந்த அதிகாரிக்கு அறிவு அப்படியே இருக்கும், பழைய நினைவு அப்படியே இருக்கும், தன்னை மாற்றிவிட்டார்கள் என்பதுகூடத் தெரியும். பழையபடி மாற மட்டும் மனசு வராது. (படிக்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள்.) ஃபவுண்டேஷனையே வளைத்த மியூல் ஒரே ஒருத்தியின் மனதை மட்டும் தொடுவதில்லை. அவன் யாரென்று தெரியாமலே அவள் அவனிடம் இயல்பாகப் பிரியமாக இருந்தாள். வாழ்நாளில் அவனுக்குத் திருகாமல் கிடைத்த பிரியம் அது ஒன்றுதான், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. தொடாமல் விட்ட அந்த ஒரு மனம்தான் அவனைத் தோற்கடிக்கிறது. சக்திக்கு எல்லை வெளியிலிருந்து, ஈய ஹெல்மெட்டாகவோ பச்சிலையாகவோ வரவில்லை, அந்தச் சக்தி உள்ளவனின் ஏக்கத்திலிருந்து வந்தது. இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

பெரிய அளவில் செய்தால் என்ன என்பீர்கள். அரசாங்கமே செய்து பார்த்தது. 1953-இல் அமெரிக்க உளவுத்துறை எம்கே-அல்ட்ரா என்ற திட்டத்தைத் தொடங்கி, கேட்காமலே ஆட்களுக்கு எல்எஸ்டி கொடுப்பது உட்பட, பல வருடம் பணத்தைக் கொட்டியது. 1973-இல் கோப்புகளை அழிக்க உத்தரவு போட்டார்கள், தப்பிய காகிதங்களை வைத்து 1977-இல் செனட் விசாரணை நடந்தது. மனிதர்களைச் சீரழிக்க முடிந்ததே தவிர, ரிமோட் வைத்து இயக்குகிற ஒரு ஆளைக்கூட உருவாக்கியதாக அந்தக் காகிதங்களில் இல்லை. அழித்ததில் இருந்திருக்குமே என்று ஒருவர் கட்டாயம் பின்னூட்டம் போடுவார், போடட்டும்.

ஒப்பிட்டால் குளவி கெட்டிக்காரி. பச்சையாக மினுங்கும் மரகதக் குளவி, நம் நாட்டிலும் உண்டு. கரப்பான்பூச்சியை இரண்டு தடவை கொட்டும். முதல் கொட்டு மார்பில், முன்கால்கள் சற்று நேரம் செயலிழக்க. இரண்டாவது கொட்டு நேராகத் தலைக்குள், மூளை நரம்புக் கணுவில். அதன் பிறகு கரப்பானால் நடக்க முடியும், ஓட முடியும். தானாக நடக்கத் தோன்றாது, அவ்வளவே. குளவி அதன் மீசையைக் கடித்துப் பிடித்து, மூக்கணாங்கயிறு பிடித்து மாட்டை ஓட்டுகிற மாதிரி பொந்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். கரப்பான் பின்னாலேயே நடந்து போய்ப் பொந்தில் உட்காரும், குளவி அதன் மேல் முட்டையிடும். ஆணை எதுவும் இல்லை, "எனக்கென்ன" என்ற நிலையை ஊட்டியதோடு சரி. ஸ்தம்பனம் எழுதத்தான் வேண்டுமென்றால் இதைப் படித்துவிட்டு எழுதுங்கள். ரங்கநாதன் தெருவில் சிலையான கூட்டத்தைவிட, எல்லாரும் கையில் பையோடு நடந்துகொண்டே, யாருக்கும் எதையும் வாங்கத் தோன்றாமல் போகிற ரங்கநாதன் தெரு பயங்கரம்.

ஆனால் முதல் அத்தியாயத்துக்கு அதுவும் பெரிசு. தெருவை அப்படியே விட்டுவிடுங்கள். உங்கள் ஆளுக்கு ஒரு சிறிய சக்தி மட்டும் கொடுங்கள்: கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒருவருக்கு, ஒரு சின்ன ஆசையை மட்டும் ஊட்ட முடியும். காரணத்தை ஊட்ட முடியாது. செலவாக, ஊட்டுகிற ஆசையை அவனும் முதலில் நிஜமாக ஆசைப்பட்டாக வேண்டும் என்று வையுங்கள். ஒருவரைப் பசிக்கவைக்க அவனுக்குப் பசிக்க வேண்டும், ஒருவரை அழவைக்க அவன் அழ வேண்டும். வெறுக்கவைப்பதற்கு என்ன விலை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாலை ஆறே முக்கால், பீச்சிலிருந்து தாம்பரம் வண்டி. நுங்கம்பாக்கம் தாண்டியாகிவிட்டது. எதிரே ஐம்பது வயதுக்காரர், குரோம்பேட்டை சீசன் டிக்கெட், மடியில் டிபன் பாக்ஸ் பை. உங்கள் ஆள் சோதனைக்காக அவரை இறங்கவைக்கப் பார்க்கிறான். அதற்கு அவன் தானும் இறங்கிவிட வேண்டும் என்று உயிரே போகிற மாதிரி ஏங்க வேண்டும், சட்டை நனைகிறது. கோடம்பாக்கத்தில் அவர் எழுந்து இறங்கிவிடுகிறார். பிளாட்பாரத்தில் நின்று சுற்றும்முற்றும் பார்க்கிறார். வண்டி நகர்கிறது. அந்த இரண்டு நொடிக் குழப்பத்தை நிதானமாக எழுதுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது. பிறகு அவர் முகம் தெளிகிறது. வெளியே வந்து ஒரு கடையில் வாழைக்காய் பஜ்ஜி நாலு வாங்கிக்கொள்கிறார்.

வீட்டில் மனைவி கேட்கிறார், "என்னங்க இவ்ளோ லேட்டு?"

"பஜ்ஜி வாசம் ஆளத் தூக்கிருச்சு. உனக்குப் பிடிக்குமேன்னு இறங்கிட்டேன்."

ஓடுகிற ரயிலுக்குள் பஜ்ஜி வாசம் வந்திருக்காது என்று அவருக்கும் தோன்றாது, அவர் மனைவிக்கும் தோன்றாது. அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். எத்தனை வருடம் கழித்து வாங்கி வந்திருக்கிறார்!

மறுநாள் உங்கள் ஆளுக்குக் காய்ச்சல், வீட்டிலேயே படுத்துவிடுகிறான். குரோம்பேட்டைக்காரர் வண்டியில் வருகிறார், நுங்கம்பாக்கம் தாண்டியதும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போய் நிற்கிறார்.